மூடிய கடைக்கும் முகவரி உண்டு

சென்ற ஆண்டு நம் பங்குத் திருவிழாவையொட்டி வெளியிட்ட மலரின் பின்னட்டையில் ஒரு புகைப்படத்தை அச்சிட்டிருந்தோம். பச்சை வண்ணம் உரிந்துபோன பலகைக் கதவு. அதன் மேல் எழுத்துகள் பாதி அழிந்த பெயர்ப்பலகை. படிக்கட்டின் இடுக்கில் முளைத்து நிற்கும் ஒரு செடி. கோலார் தங்கவயலில் எடுத்த படம் அது. எடுத்தவர் நம் பங்கைச் சேர்ந்த வாலிபர் ஒருவர். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்ப்பவர். விடுமுறை நாட்களில் பூட்டிய கடைகளையும் ஓய்ந்த தெருக்களையும் தேடிச் சென்று படமெடுக்கும் பழக்கம் உடையவர். அவர் கொண்டுவந்து காட்டிய படங்களுள் அது நம் மனத்தைக் கவர்ந்தது. "மறைந்துபோன ஊரின் மூடிய கதவு" என்று நாமே ஒரு தலைப்பும் எழுதினோம். எழுதியபோது அத்தலைப்பு நமக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

திருவிழா முடிந்த மறு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் ஒரு தாய் நம்மிடம் வந்தார். கையில் அந்த மலர். "சாமி, இது எங்க அப்பா கடை" என்றார். நாம் மகிழ்ந்து ஏதோ சொல்ல வாயெடுக்குமுன், "ஊர் மறைஞ்சு போகல சாமி. அப்பா அந்தக் கதவுக்குப் பின்னாலதான் இருக்கார். இந்தப் புத்தகம் அவர் கையில கிடைச்சா என்ன நினைப்பார்?" என்று கேட்டார். அக்குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது நம்மை அதிகமாகச் சுட்டது. தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் சில நம் பங்கில் உண்டு. அவர்களுடைய வீடுகளை மந்திரித்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறோம். ஆயினும் அவர்கள் பிறந்த ஊரை மறைந்துபோனது என்று எழுத நம் கை கூசவில்லை.

அந்த வாலிபரை அழைத்துச் செய்தியைச் சொன்னோம். அவரும் வருந்தினார். கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்பதைவிட நேரில் சென்று காண்பதே முறை என்று இருவரும் முடிவு செய்தோம். அந்தத் தாய் தம் தந்தையின் வீட்டு அடையாளங்களைச் சொல்லி, ஒரு துணிப்பையில் முறுக்கும் இருமல் மருந்தும் கொடுத்தனுப்பினார். இவ்வாறு தொடங்கியது இந்த ஒரு நாள் பிரயாணம்.

வரிசை கலைந்த எல்லை

வாலிபர் இரவு ஷிப்டு முடித்து ஆலை வாயிலில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஆகையால் பொழுது புலரும் வேளையில் பங்கின் பழைய வண்டியில் ஜூஜூவாடிப் பக்கம் சென்றோம். ஓசூருக்கு வடக்கே, கர்நாடகத்து அத்திப்பள்ளியைத் தொட்டாற்போல் அமைந்திருப்பது ஜூஜூவாடி. தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடம்.

ஓசூர் வழியாகச் சென்று வந்த வாசகர்களுக்கு இங்கே நின்ற லாரி வரிசை நினைவிருக்கும். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை, வணிகவரிச் சோதனைச் சாவடியில் சரக்கு லாரிகள் நின்று, தாள்களைக் காட்டி, முத்திரை பெற்ற பின்னரே எல்லையைக் கடக்கலாம். மணிக்கணக்கில் நிற்கும் அந்த வரிசையை நம்பி ஒரு சிறு கடைத்தெருவே பிழைத்தது. டீக்கடை, இட்லிக்கடை, டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை, ஜெராக்ஸ் கடை, படிவம் நிரப்பிக் கொடுப்போர், வெந்நீர் விற்போர் என்று பலர். வரி முறை மாறிய நாளில் அந்தச் சாவடி நீங்கியது. வாகனப் பெர்மிட்டைப் பார்க்கும் போக்குவரத்துத் துறைச் சாவடி நீடித்ததாயினும், பழைய வரிசை கலைந்தது. வரிசை கலைந்ததும் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இறக்கின.

வாலிபர் முதன்முதலில் படமெடுத்தது இங்கேதான். துருவேறிய இரும்புக் கதவுகள், அவற்றின் மேல் பாதி கிழிந்த விளம்பரத் தாள்கள். அப்படங்களை வண்டியில் அமர்ந்தபடியே நமக்குக் காட்டினார். அழகான படங்கள்தாம். அவற்றில் ஓர் ஆளும் இல்லை. "ஆட்கள் கடந்து போகும்வரை காத்திருந்து எடுப்பேன், ஃபாதர்" என்றார்.

அப்போது ஆலை வாயிலில் தள்ளுவண்டி ஒன்றில் டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் இரண்டு கோப்பை வாங்கினோம். பேச்சுக்குப் பேச்சாக விசாரித்ததில், சாவடி அருகே பதினெட்டு ஆண்டுகள் கடை வைத்திருந்தவர் அவர் என்று தெரிந்தது. வரிசை போனபோது மிகவும் வருந்தியிருப்பீர்களே என்றோம். டீ வடிகட்டியைத் தட்டிவிட்டு அவர் சொன்னார்: "அது பாவப்பட்ட வரிசை சாமி. டிரைவருங்க ராத்திரி பூரா தூக்கமில்லாம நிப்பாங்க. அவங்க நின்னாத்தான் எனக்கு வியாபாரம். அந்த வரிசை போனதுக்கு நான் அழுதா நியாயமா? ஆனா கடைய மூடின அன்னிக்கு அழுதேன். ரெண்டும் உண்மைதான்."

ஒருவனுடைய துன்பம் நீங்குவதில் இன்னொருவனுடைய பிழைப்பும் போய்விடுகிறது. இதற்கு யாரைக் குறை கூறுவது? குருமடத்தில் ஒழுக்கவியல் பயின்ற காலத்தில் இக்கேள்விக்கு ஒரு பக்க அளவில் விடை எழுதியிருப்போம். தள்ளுவண்டிக்காரர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அவருடைய பூட்டிய கடையின் படத்தில் இந்த இரண்டு வரியும் இல்லை.

வளரும் ஊரிலும் மூடும் கதவு

ஓசூரைப் பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டும். சேலம் மாவட்டத்தின் ஒரு மூலையில், குளிர்ந்த காற்றுக்கும் காய்கறிக்கும் பெயர்பெற்ற சிற்றூராக இருந்த இது, 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் வேறு ஊராயிற்று. 1980ல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி இங்கிருந்து வெளிவந்து, பால்காரர் முதல் கோயிற்பிள்ளை வரை எல்லாருக்கும் வாகனமாயிற்று. அதே பத்தாண்டுக்குள் டைட்டன் கடிகார ஆலையும் எழுந்தது. 2004ல் தருமபுரி மாவட்டத்தினின்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2019ல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. அண்மைய ஆண்டுகளில் கைப்பேசி உறுப்புகள் செய்யும் ஆலைகளும் மின் ஸ்கூட்டர் ஆலையும் இம்மாவட்டத்துக்கு வந்து, பிற மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிறார்கள்.

வளர்ச்சி இருக்கும் இடத்தில் மூடிய கடைகள் ஏது என்று கேட்கலாம். கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். எல்லைக்கு இப்பக்கம் ஒரு கடிகார ஆலை வளர்ந்தது. அப்பக்கம் பெங்களூரில், 1961ல் நாட்டுக்கே பெருமையாகக் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. தன் கடிகாரத் தொழிலை 2016ல் மூடும் நிலைக்கு வந்தது. சாவி கொடுக்கும் கடிகாரம் போய் மின்கலக் கடிகாரம் வந்தபோது, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி செருகி உட்கார்ந்திருந்த கடிகாரம் பழுதுபார்ப்பவர் வேலையிழந்தார். மணி பார்க்கக் கைப்பேசியே போதும் என்றான பின் அவருடைய மேசையும் கடைத்தெருவைவிட்டுப் போயிற்று. ஊர் பெரிதாகிக்கொண்டிருக்கும்போதே ஒரு தொழில் ஓசையின்றி முடிந்துபோகிறது.

ஆலைகளும் என்றும் ஒரே சீராக ஓடுபவை அல்ல. 2019ல் வாகன விற்பனை நாடெங்கும் சரிந்தபோது இவ்வட்டாரத்து ஆலைகளில் வேலையில்லா நாட்கள் அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு கொரோனா நோய் வந்தது. அந்த மாதங்களில் நம் பங்கில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியத் தயங்கியது என்பதை நாம் அறிவோம்.

இரயில் விட்டுப்போன ஊர்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சூளகிரியைத் தாண்டும்வரை வாலிபர் தூங்கிக்கொண்டே வந்தார். இரவெல்லாம் நின்ற கால்கள் அல்லவா? கிருஷ்ணகிரியில் மருத்துவமனையில் இருந்த ஒரு நோயாளியைக் கண்டு ஆறுதல் சொல்லிவிட்டுப் பழையபேட்டைப் பக்கம் சிறிது நடந்தோம். தலைக்குமேல் கோட்டைமலை கருங்கல் யானைபோல் படுத்திருந்தது.

கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் இரயில் ஓடியது என்று சொன்னால் இக்காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசேர்க்க உதவும் என்னும் நோக்கத்துடன் இவ்வட்டாரத்தில் இரண்டரை அடி அகலமுள்ள இரண்டு சிறு இரயில் பாதைகள் போடப்பட்டன. ஒன்று திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு. மற்றொன்று மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கு. வருமானம் போதாமையால் தள்ளாடிய இவ்விரண்டும் இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே மூடப்பட்டுத் தண்டவாளங்களும் எடுக்கப்பட்டன. தருமபுரி, ஓசூர் வழியாகப் பிற்காலத்தில் வேறு பாதை வந்தது. கிருஷ்ணகிரி நகருக்கோ அன்று போன இரயில் இன்னும் திரும்பவில்லை. அந்த நிலையத்து வாசலில் கடை வைத்திருந்தோர் என்ன ஆனார்கள்? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்பொழுது நெடுஞ்சாலை ஓரத்தில் கடை வைத்திருக்கிறார்கள் என்றே கொள்ளவேண்டும். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் சாலையும், கன்னியாகுமரியிலிருந்து வடக்கே காஷ்மீரம் வரை செல்லும் சாலையும் சந்திக்கும் ஊராகக் கிருஷ்ணகிரி பிழைத்துக்கொண்டது. ஒரு வாசல் அடைபட்ட ஊர் இன்னொரு வாசலைத் திறந்துகொள்வதும் உண்டு.

கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு ஸ்டூடியோவின் முன் வாலிபர் நின்றுவிட்டார். தூசி படிந்த கண்ணாடிக்குள் வெளிறிப்போன மணமக்கள் படம் ஒன்று இன்னும் மாட்டியிருந்தது. ஒரு காலத்தில் முதல் நன்மை வாங்கிய பிள்ளையை மெழுகுதிரியுடன் நிறுத்திப் படமெடுக்க நாம் எல்லோரும் சென்ற இடம் இத்தகைய ஸ்டூடியோதானே! வாலிபர் கருவியை உயர்த்தினார். கண்ணாடியில் அவருடைய உருவமும், அவர் பின்னால் அங்கி அணிந்து நின்ற நம் உருவமும் தெரிந்தன. "நம்ம நிழல் விழுகிறது ஃபாதர், கொஞ்சம் ஒதுங்குங்கள்" என்றார்.

அப்போது அவருக்கு ஒரு செய்தி சொன்னோம். பிரான்சு நாட்டில் ஆட்ஜே என்றொரு புகைப்படக்காரர் இருந்தார், 1927ல் காலமானார். இடிபட இருந்த பழைய பாரிஸ் நகரத்துத் தெருக்களையும் கடைமுகப்புகளையும் பல்லாண்டுகள் விடாது படமெடுத்தார். அக்காலத்துக் கருவி மெதுவாகவே படம் பிடிக்கும். ஆகையால் கடைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த கடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் புகைபோலப் பதிந்திருப்பார். அவர் அதை நீக்க முயலவில்லை. இன்று அப்படங்களைப் பார்ப்போர் முதலில் தேடுவது அந்தப் புகைமுகத்தையே. வாலிபர் சற்று யோசித்தார். பிறகு நம்மை ஒதுங்கச் சொல்லாமலே படத்தை எடுத்தார்.

தங்கம் விளைந்த மண்

கிருஷ்ணகிரியிலிருந்து வடக்கே திரும்பி, ஆந்திரத்துக் குப்பத்தைத் தொட்டுக்கொண்டு, கர்நாடகத்துக்குள் நுழைந்தால் தங்கவயல். ஒரே முற்பகலில் மூன்று மாநிலங்கள். ஆயினும் வழியில் தண்ணீர் கேட்ட இடத்திலெல்லாம் தமிழ் புரிந்தது.

ஊரை நெருங்கும்போது முதலில் தென்படுபவை சாம்பல் நிற மேடுகள். தட்டையான உச்சியும் மழை அரித்த பக்கங்களும் கொண்ட மலைகள் போன்றவை. அவை மலைகள் அல்ல. பாறையைப் பொடியாக்கிச் சயனைடு கலந்த நீரில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண். மூன்று கோடி டன்னுக்கும் மேல் இருக்கும் என்று சொல்கிறார்கள். பலமாகக் காற்றடித்தால் அத்தூள் வீடுகளுக்குள் வந்து விழும்.

1873ல் மைக்கேல் லவேல் என்ற அயர்லாந்துப் போர்வீரர் மைசூர் அரசிடம் இங்கே தங்கம் தேட உரிமை கேட்டார். 1880ல் இங்கிலாந்தின் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பொறுப்பை ஏற்றது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து, பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் நசுங்கிய மக்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர்கள், இங்கே வந்து இறங்கினார்கள். ஊரில் நிமிர்ந்து நடக்க இயலாதவர், இங்கே பூமிக்குள் குனிந்து கூலி பெற்றார். 1902ல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இவ்வூருக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்தே.

அந்த வெளிச்சம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. வெள்ளை அதிகாரிகளின் பங்களாவும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் ஒரு பக்கம்; தொழிலாளர் 'லைன்' வீடுகள் ஒரு பக்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அவ்வளவு ஆழத்தில் பாறையே சுடும். திடீரென்று வெடித்துச் சிதறி ஆட்களைக் கொல்லும். தப்பியவர்களின் நுரையீரலைக் கல்தூள் தின்றது. 1930ல், குற்றவாளிகளைப்போல் தங்களிடம் கைரேகை எடுப்பதா என்று கொதித்தெழுந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதும் இவ்வூரின் பெருமை.

1956ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கும், 1962ல் மத்திய அரசின் கைக்கும் வந்தன. 1972ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. தங்கம் ஆழத்தில் அருகிக்கொண்டே போக, எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சியது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் தந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. நீரிறைக்கும் இயந்திரங்கள் நின்றன. சுரங்க வழிகளைத் தண்ணீர் நிரப்பியது. வேலை நேரத்துக்கு ஊதிய சங்கும் ஓய்ந்தது. திரைப்படங்கள் சில இவ்வூர்ப் பெயரை அண்மையில் உலகெங்கும் கொண்டுசென்றன. அவற்றில் வரும் ஊர் வேறு, இந்த ஊர் வேறு.

கதவு திறந்தது

இராபர்ட்சன்பேட்டைக் கடைவீதி ஆரவாரமாகவே இருந்தது. வாழைப்பழமும் வளையலும் குவிந்து கிடந்த அத்தெருவைக் கண்டதுமே, "மறைந்துபோன ஊர்" என்று எழுதியதை எண்ணி வெட்கினோம். சாம்பியன் ரீஃப் பக்கம் திரும்பியபின்தான் அமைதி. லைன் வீடுகளின் நடுவே, சுண்ணாம்பு உதிர்ந்த சுவருடன், பின்னட்டையில் நாம் கண்ட அதே கதவு. படியிடுக்கின் செடி இப்போது முழங்கால் உயரம்.

வாலிபர் கருவியை எடுக்கவில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பின்வாசலுக்குச் சென்று அழைத்தோம். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் வெளியே வந்தார். மகள் கொடுத்த பையை நீட்டினோம். பிறகு மலரையும் நீட்டினோம். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். தலைப்பை வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். நாம் தயாரித்து வந்த மன்னிப்பு வார்த்தைகள் தொண்டையிலேயே நின்றன.

"பலகை நல்லா விழுந்திருக்கு" என்றார் பெரியவர். "மேல எழுத்து எழுதினது என் தம்பி. அவன் இப்ப இல்ல." பிறகு நம்மைப் பார்த்து, "ஊர் எங்க சாமி மறைஞ்சுது? சங்குதான் நின்னுச்சு" என்றார்.

உள்ளே அழைத்து உட்காரவைத்தார். கடையின் உட்புறம் இருட்டாக இருந்தது. தராசு, எண்ணெய் அளக்கும் படி, கண்ணாடி மூடியிட்ட டப்பாக்கள், எல்லாம் துடைத்து வைத்தபடி இருந்தன. 1968ல் திறந்த மளிகைக்கடையாம். சுரங்கத் தொழிலாளிக்கு மாதம் முழுதும் அரிசி, பருப்பு, எண்ணெய் கடனாகக் கொடுத்துச் சம்பள நாளன்று வசூலிப்பது வழக்கம். 2001ல் சம்பள நாள் என்பதே இல்லாமற்போயிற்று. வரவேண்டிய பணம் கைக்கு வந்ததும் தருவதாக மக்கள் சொன்னார்கள். அவரும் ஐந்தாண்டுகள் கடையைத் திறந்தே வைத்திருந்தார்; கடனும் கொடுத்தார். 2006ல் கொள்முதலுக்குப் பணமில்லாமல் பலகையைப் பொருத்தினார்.

மேல்தட்டிலிருந்து நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். பெயர், பொருள், தொகை. பல வரிகளின்மேல் குறுக்குக்கோடு. இவையெல்லாம் வசூலானவையா என்று கேட்டோம். "சிலது வசூல். சிலது ஆள் போயிட்டான். போனவன் கணக்கை நானே அடிச்சுட்டேன். அவன் பொண்டாட்டிகிட்ட போய்க் கேக்க முடியுமா?" என்றார். அந்த நோட்டுப் புத்தகத்தைத் தொட்டபோது பீடத்திலுள்ள புத்தகம் ஒன்றைத் தொட்டாற்போல் நமக்கு இருந்தது. கடன்களை மன்னிப்பது பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறோம். மன்னித்த கணக்கை வரிவரியாகக் கண்ணால் கண்டது அன்றுதான்.

பிறகு அவர் வாலிபரிடம் திரும்பினார். "தம்பிக்கு எங்க வேலை?"

"ஓசூர்ல, கம்பெனியில தாத்தா."

"பெர்மனென்டா?"

"கான்ட்ராக்ட்டு தாத்தா. வருஷா வருஷம் புதுப்பிப்பாங்க."

பெரியவர் தலையசைத்தார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. "எங்களுக்கு நூத்தி இருபது வருஷம் புதுப்பிச்சாங்க" என்றார் கடைசியில். "கம்பெனி வீட்டுல இருந்தோம். கம்பெனி சங்குக்கு எழுந்தோம். கம்பெனி ஆஸ்பத்திரியில பொறந்தோம். அது போனப்புறம் நம்மளுதுன்னு என்ன இருக்குன்னு தேடவேண்டியதாப் போச்சு. தேடினா, பக்கத்து வீட்டுக்காரன்தான் இருந்தான். நீ வேலைய நல்லாப் பாரு. ஆனா இருக்கிற தெருவுல நாலு பேருக்கு உன் பேர் தெரியட்டும்."

வாலிபர் ஓசூரில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறார். விடுதியில் அடுத்த அறையில் இருப்பவர் பெயர் தெரியாது என்று திரும்பும் வழியில் நம்மிடம் சொன்னார்.

விடைபெறும் நேரத்தில் படமெடுக்க அனுமதி கேட்டோம். பெரியவர் உள்ளே சென்று, வெள்ளைச் சட்டை மாற்றி, தலைவாரி வந்தார். நாமும் வாலிபரும் கைகொடுத்துக் கடையின் முன்பலகைகள் நான்கையும் கழற்றினோம். பல ஆண்டு இருட்டில் வெயில் விழுந்தது. எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து, "என்ன பெரியப்பா, கடை தெறந்தாச்சா?" என்று சிரித்தார். தராசின் அருகில் பெரியவர் நிமிர்ந்து நின்றார். வாலிபர் ஆட்கள் கடந்து போகக் காத்திருக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாளையும், எட்டிப்பார்த்த இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தே எடுத்தார். இந்தப் படத்துக்கு என்ன தலைப்பு எழுதலாம் என்று பெரியவரையே கேட்டோம். "கடை மூடியிருக்கு, ஆள் இருக்கேன்னு போடுங்க" என்றார்.

மாலை வண்டி

மாலையில் சாம்பியன் இரயில் நிலையத்தில் சற்று நின்றோம். பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் இந்தக் கிளைப்பாதை 1894ல் சுரங்கத்துக்காகவே போடப்பட்டது. இப்போது தங்கத்துக்குப் பதிலாக மனிதரை ஏற்றிச் செல்கிறது. விடியுமுன் ஆயிரக்கணக்கானோர் இவ்வண்டிகளில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், இருட்டியபின் திரும்புகிறார்கள். பகலில் வந்து படமெடுப்பவனுக்கு இவ்வூர் வெறிச்சோடித் தெரிவதன் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கியது. ஊரார் வண்டியில் இருக்கிறார்கள்! வண்டி வந்து நின்றதும் சோற்றுத்தூக்குகளும் தோள்பைகளுமாய் மக்கள் இறங்கினார்கள். சிறிது நேரத்தில் லைன் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது.

அமெரிக்காவில் மோட்டார்த் தொழிலின் தலைநகராக இருந்த டெட்ராய்ட் நகரின் கதையும் இதுவே. 1950ல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2020ல் ஆறரை லட்சத்துக்குக் கீழே இறங்கியது. 2013ல் நகராட்சியே திவாலாயிற்று. இடிந்த ஆலைகளையும் அரங்குகளையும் படமெடுக்க உலகெங்குமிருந்து ஆட்கள் குவிந்தார்கள். "எங்கள் சுவர்களைக் காட்டுகிறீர்களே, சுவர்களுக்குள் வாழும் எங்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்பதே அந்நகர மக்களில் பலருடைய மனத்தாங்கல். நம் பங்கின் தாய் மலரைக் கையில் பிடித்துக் கேட்டதும் அதுவேயன்றோ?

பழையவற்றைப் படமெடுப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. எடுக்கத்தான் வேண்டும், எடுக்காவிட்டால் அப்பலகையின் எழுத்தும் அதை எழுதிய தம்பியின் கையும் யாருக்கும் தெரியாமற்போகும். ஆனால் கதவைத் தட்டிவிட்டு எடுக்கவேண்டும். கடை யாருடையது, எந்த ஆண்டு திறந்தது, ஏன் மூடியது என்று கேட்டு எழுதிவைக்கவேண்டும். நம் குடும்பங்களிலும் தந்தை நடத்திய கடை, தாத்தா வேலை பார்த்த ஆலை, பாட்டி இட்லி விற்ற திண்ணை இருக்கும். அவற்றின் படங்கள் பெட்டியடியில் கிடந்தால் எடுத்து, பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதிவையுங்கள். தெரிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுப் பெரியவருக்கு அனுப்பிவிட்டோம். மற்றொரு பிரதி நம் பங்கு மண்டபச் சுவரில், அவர் சொன்ன தலைப்புடன் தொங்குகிறது. அதன் கீழே மகள் தம் கையாலேயே கடையின் முகவரியை எழுதியிருக்கிறார். வாலிபர் சென்ற வாரம் வந்தபோது, விடுதியின் அடுத்த அறைக்காரரையும் உடன் அழைத்து வந்திருந்தார். அவருக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பெயரைக் கேட்டு நாமும் குறித்துக்கொண்டோம்.